கண்ணில் படாத இரண்டாம் பெயர்

ஒரு கோப்புறைக்குள் இரண்டே கோப்புகள். ஒன்றின் பெயர் டி97.டிஎக்ஸ்டி, மற்றொன்று டி.டிஎக்ஸ்டி2. விண்டோஸின் கறுப்புக் கட்டளைச் சாளரத்தைத் திறந்து ‘டிர் டி97*’ என்று அடித்து என்டரைத் தட்டினால் எத்தனை கோப்புகள் பட்டியலில் வர வேண்டும்? டிர் என்பது பட்டியல் கேட்கும் கட்டளை. டி97 என்று தொடங்கட்டும், அதற்குப் பிறகு என்ன இருந்தாலும் சரி என்பது நட்சத்திரக் குறியின் பொருள். நியாயமாக ஒன்றுதான் வர வேண்டும். வருவது இரண்டு.

இது யாரோ கட்டிவிட்ட கதை அல்ல. மைக்ரோசாஃப்ட் நிறுவனமே டிர் கட்டளைக்கான தன் விளக்கக் குறிப்பில் இந்த இரண்டு கோப்புகளையும் எடுத்துக்காட்டாகக் கொடுத்து, நட்சத்திரக் குறியைப் பயன்படுத்தினால் எதிர்பாராத விளைவுகள் நேரலாம் என்று எழுதி வைத்திருக்கிறது. அங்கேயே இன்னொரு செய்தியும் உண்டு. டிர் இருக்கும் இடத்தில் டெல் என்ற அழிப்புக் கட்டளையைப் போட்டால் இரண்டு கோப்புகளும் அழியும். பட்டியலில் ஒரு பெயர் கூடுதலாக வந்தால் தலையைச் சொறிந்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். கட்டளை வரியிலிருந்து அழித்த கோப்பு ரீசைக்கிள் பின்னுக்குக்கூடப் போகாது.

(கட்டளைகளும் கோப்புப் பெயர்களும் திரையில் ஆங்கில எழுத்தில்தான் இருக்கும். இந்த அத்தியாயத்தில் அவை வாயால் சொல்லும்படி தமிழில் எழுதப்பட்டிருக்கின்றன. டிஎக்ஸ்டி என்பதை மூன்று எழுத்தாகவும் எச்டிஎம்எல் என்பதை நான்கு எழுத்தாகவும் எண்ணிக்கொள்ள வேண்டும். இங்கே எழுத்துக் கணக்குதான் வில்லன்.)

டி.டிஎக்ஸ்டி2 என்ற பெயரில் 97 எங்கே இருக்கிறது? கண்ணுக்குத் தெரியும் பெயரில் இல்லை. ஆனால் அந்தக் கோப்புக்கு இன்னொரு பெயர் உண்டு: டி97பி4~1.டிஎக்ஸ்டி. நம் ஊரில் பள்ளிப் பதிவேட்டில் ஒரு பெயரும் வீட்டில் கூப்பிட ஒரு பெயருமாக வளரும் பிள்ளைகள் எந்தப் பெயரைச் சொல்லி அழைத்தாலும் திரும்பிப் பார்ப்பார்கள். விண்டோஸ் கோப்புகளும் அப்படித்தான். வேறுபாடு ஒன்றே: இரண்டாவது பெயரை வைத்தது கோப்பின் சொந்தக்காரர் அல்ல. அப்படி ஒரு பெயர் இருப்பதே அவருக்குத் தெரியாது.

தெரிந்துகொள்ள வேண்டுமானால் ‘டிர் /எக்ஸ்’ என்று அடித்தால் போதும். நீளமான ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு குட்டைப் பெயர் வந்து நிற்கும். எட்டு எழுத்துக்குள் ஒரு பெயர், ஒரு புள்ளி, மூன்று எழுத்துக்குள் ஒரு பின்னொட்டு. நடுவில் பெரும்பாலும் ஓர் அலைக்குறியும் ஓர் எண்ணும். ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ என்ற கோப்புறை ‘புரோக்ரா~1’ என்று சுருங்கிக் கிடப்பதை விண்டோஸ் பழக்கமுள்ள பலரும் எங்காவது பார்த்திருப்பார்கள்.

ஏன் எட்டு, ஏன் மூன்று என்று கேட்டால் 1970-களுக்குப் போக வேண்டும்.

அப்போது டிஇசி நிறுவனத்தின் பிடிபி-10 என்ற பெரிய கணினி பல்கலைக்கழகங்களிலும் ஆய்வுக்கூடங்களிலும் பரவலாக இருந்தது. அதன் நினைவகத்தில் ஒரு சொல் என்பது 36 பிட் கொண்டது. ஓர் எழுத்துக்கு 6 பிட் வீதம் ஒதுக்கினால் ஒரு சொல்லில் ஆறு எழுத்துகள் அடங்கும். டாப்ஸ்-10 என்ற அதன் இயக்க முறைமை கோப்பின் பெயருக்கு ஒரு முழுச் சொல்லையும் பின்னொட்டுக்கு அரைச் சொல்லையும் கொடுத்தது. அரைச் சொல் என்றால் 18 பிட், அதாவது மூன்று எழுத்து. மூன்றெழுத்துப் பின்னொட்டு என்ற வழக்கத்துக்குப் பின்னால் அழகுணர்ச்சியோ மொழியியலோ எதுவும் இல்லை. 36-ஐ இரண்டாலும் ஆறாலும் வகுத்ததோடு சரி.

அந்த இயந்திரத்தில் நன்கு பழகியவர் கேரி கில்டால். இன்டெல் 8080 என்ற சிறிய சில்லுக்காக 1974-இல் அவர் உருவாக்கிய இயக்க முறைமைதான் சிபி/எம். கோப்பின் பெயரைப் புள்ளி வைத்துப் பிரித்து எழுதும் பாணியை டிஇசி உலகத்திலிருந்தே எடுத்துக்கொண்டார். இடத்தை மட்டும் எட்டும் மூன்றுமாக மாற்றினார். நெகிழ்வட்டில் ஒவ்வொரு கோப்புப் பதிவுக்கும் 32 பைட். அதில் பெயருக்கு 11 பைட். எட்டு எழுத்துக்குக் குறைந்த பெயரென்றால் மீதி இடத்தில் வெற்றிடக் குறிகள் நிரப்பப்படும். புள்ளியோ வட்டில் எழுதப்படுவதே இல்லை. எட்டாம் கட்டத்துக்கும் ஒன்பதாம் கட்டத்துக்கும் நடுவே அது இருப்பதாகப் பாவனை, அவ்வளவுதான்.

இந்தப் பதினொரு கட்ட அமைப்பில் தேடுவது மிகவும் எளிது. கேட்கப்படும் பெயரையும் பதினொரு கட்டமாக எழுதிக்கொண்டு, கட்டத்துக்குக் கட்டம் ஒப்பிட்டுக்கொண்டே போகலாம். கேள்விக்குறி உள்ள கட்டத்தில் எது இருந்தாலும் சரி; வெற்றிடமும் சரி. நொடிக்கு இருபது லட்சம் துடிப்பில் ஓடிய 8080 சில்லுக்கு இதைவிடச் சிக்கனமான முறை கிடையாது. இதில் நட்சத்திரக் குறிக்குத் தனியாக வேலையே இல்லை. அது ஒரு சுருக்கெழுத்து. ‘இந்தப் பகுதியில் மிச்சமுள்ள கட்டங்களையெல்லாம் கேள்விக்குறியால் நிரப்பு’ என்பதே அதன் பொருள். ‘ஏ*.டிஎக்ஸ்டி’ என்று ஒருவர் அடித்தால் உள்ளே அது ஏ, ஏழு கேள்விக்குறி, பிறகு டிஎக்ஸ்டி என்று மாறும்.

சரி, ‘*2.டிஎக்ஸ்டி’ என்று அடித்தால்? இரண்டு என்ற எண்ணில் முடியும் உரைக்கோப்புகள் வேண்டும் என்று மனிதர் கேட்கிறார். நட்சத்திரமோ எட்டுக் கட்டத்தையும் கேள்விக்குறியால் நிரப்பிவிட்டது. பின்னால் வரும் 2 உட்கார இடமில்லை, ஓசையில்லாமல் கைவிடப்படுகிறது. எஞ்சி நிற்கும் கேள்வி: எல்லா உரைக்கோப்புகளையும் கொடு. அழிப்புக் கட்டளையாக இருந்தால், எல்லா உரைக்கோப்புகளையும் அழி. ‘*.*’ என்று மொத்தமாக அழிக்கச் சொன்னால், பின்னாளில் இதே முறையைப் பின்பற்றிய டாஸ் ஒருமுறை ‘உறுதிதானா’ என்று கேட்கும். இங்கே பின்னொட்டு என்று ஒன்று இருப்பதால் அந்தக் கேள்வியும் வராது.

சியாட்டில் கம்ப்யூட்டர் புராடக்ட்ஸ் நிறுவனத்தில் டிம் பேட்டர்சன் 1980-இல் 86-டாஸ் எழுதியபோது, சிபி/எம்முக்கு எழுதப்பட்ட நிரல்களைச் சுலபமாக மாற்றிக்கொண்டுவர வேண்டும் என்று எண்ணியே அதே பதினொரு கட்டத்தைப் பின்பற்றினார். மைக்ரோசாஃப்ட் அதை 1981 ஜூலையில் விலைக்கு வாங்கியது. ஆகஸ்ட் மாதம் ஐபிஎம் பிசி சந்தைக்கு வந்தது. அப்புறம் நடந்தது உலகம் அறிந்தது. சிறிய இயந்திரங்களுக்காக எடுக்கப்பட்ட முடிவுகள் கோடிக்கணக்கான மேசைகளில் போய் உட்கார்ந்தன.

1993-இல் விண்டோஸ் என்டி வந்தபோது பதினொரு கட்டச் சிறை உடைந்தது. என்டிஎஃப்எஸ் என்ற புதிய கோப்பு முறைமையில் பெயர் 255 எழுத்து வரை நீளலாம், இடைவெளி வைக்கலாம், எத்தனை புள்ளி வேண்டுமானாலும் வைக்கலாம். கரு எனப்படும் என்டியின் மையப் பகுதிக்குள் நட்சத்திரமும் கேள்விக்குறியும் ஒழுங்காக வேலை செய்தன. கேள்விக்குறி என்றால் சரியாக ஓர் எழுத்து. நட்சத்திரம் என்றால் எத்தனை எழுத்தும். புள்ளி என்றால் புள்ளி. இப்படியே விட்டிருந்தால் இந்த அத்தியாயத்துக்குப் பாதி வேலை குறைந்திருக்கும்.

விட முடியவில்லை. பத்தாண்டாக எழுதப்பட்டுக் குவிந்திருந்த டாஸ் நிரல்கள் எல்லாக் கோப்புகளும் வேண்டுமென்றால் ‘*.*’ என்றுதான் கேட்டன. புதிய விதிப்படி பார்த்தால், பெயரில் ஒரு புள்ளியாவது இருக்கும் கோப்புகள் மட்டுமே அதற்குக் கிடைக்கும்; பின்னொட்டு இல்லாத கோப்புகள் விடுபட்டுவிடும். எட்டுக் கேள்விக்குறி, புள்ளி, மூன்று கேள்விக்குறி என்று கேட்ட நிரல்களும் இருந்தன. அவற்றுக்குப் புதிய விதி, சரியாக எட்டும் மூன்றுமாக அமைந்த பெயர்களை மட்டுமே கொடுக்கும். நிரல் உடைந்தால் வாடிக்கையாளர் நிரலைத் திட்ட மாட்டார், புது விண்டோஸைத்தான் திட்டுவார்.

என்டியின் பொறியாளர்கள் கண்ட வழி தந்திரமானது. கோப்புப் பெயரில் வரவே கூடாது என்று தடை செய்யப்பட்ட மூன்று குறிகளை, அதாவது <, >, " ஆகியவற்றை, பழைய விதியின் மாறுவேடங்களாக உள்ளே வைத்தார்கள். பயன்படுத்துபவர் அடிக்கும் கேள்விக்குறி, கருவுக்குப் போகும் வழியில் ‘>’ ஆகிவிடும். அது ஓர் எழுத்துக்கும் பொருந்தும். பெயர் முடிந்துபோன இடத்திலோ புள்ளிக்கு முன்னாலோ ஒன்றுமில்லாமைக்கும் பொருந்தும். சில இடங்களில் வரும் புள்ளி ‘"’ ஆகிவிடும். அது நிஜப் புள்ளியோடும் பொருந்தும், பெயரின் முடிவோடும் பொருந்தும். நட்சத்திரத்தின் பழைய வடிவத்துக்கு ‘<’. ‘*.*’ என்பதற்கு மட்டும் தனிச் சலுகை. அது வெறும் ‘*’ ஆகிவிடும்.

இதனால்தான் இன்றைக்கும் ‘டிர் ????’ என்று கேட்டால் நான்கு எழுத்துப் பெயர்கள் மட்டுமல்ல, மூன்றும் இரண்டும் ஒன்றுமான பெயர்களும் சேர்ந்து வருகின்றன. ‘டிர் *.’ என்று புள்ளியோடு நிறுத்தினால் பின்னொட்டே இல்லாதவை மட்டும் வரும். கோப்புறைகளுக்குப் பெரும்பாலும் பின்னொட்டு வைப்பதில்லை என்பதால், கோப்புறைகளை மட்டும் பார்க்க இது நல்ல குறுக்குவழி என்று பழைய டாஸ் கைகள் இன்னும் இதை விடாமல் வைத்திருக்கின்றன.

மாறுவேடக் குறிகள் வீட்டுக்குள்ளேயே இருந்தால் பரவாயில்லை. விண்டோஸில் ஓடும் பிஎச்பி மொழியின் சில கட்டளைகள், கொடுக்கப்பட்ட கோப்புப் பெயரை அப்படியே கோப்பு தேடும் அழைப்புக்கு அனுப்பிவந்தன. பெயரின் நடுவே ‘<<’ போட்டு அனுப்பினால், முழுப் பெயர் தெரியாத கோப்பையும் திறந்துவிடலாம் என்று பாதுகாப்பு ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள்.

இனி அந்த இரண்டாம் பெயருக்கு வரலாம்.

நீளப் பெயரைப் பழைய நிரல்களால் படிக்க முடியாது. எனவே என்டிஎஃப்எஸ் நீளப் பெயருள்ள ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு குட்டைப் பெயரையும் தானே உருவாக்கிக் கோப்புறையின் பட்டியலில் எழுதி வைத்தது. 1995 ஆகஸ்டில் விண்டோஸ் 95 இதே ஏற்பாட்டை வீட்டுக் கணினிகளுக்கும் கொண்டுவந்தது. இந்த இரட்டைப் பெயர் உத்தி வெறும் பொறியியல் விவகாரமாகவும் நிற்கவில்லை. அதற்குக் காப்புரிமை வாங்கியிருந்த மைக்ரோசாஃப்ட், 2009 பிப்ரவரியில் டாம்டாம் என்ற வழிகாட்டிக் கருவி நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கில் அதையும் ஓர் ஆயுதமாக எடுத்தது. அடுத்த மாதமே சமரசம். அந்த வசதியைத் தன் கருவிகளிலிருந்து நீக்க டாம்டாம் ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு லினக்ஸ் உலகில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல், இரண்டு பெயரையும் சேர்ந்தாற்போல் உருவாக்காமல் தப்பிக்கும் ஒரு திருத்தத்தை எழுதிக் காட்டினார்.

குட்டைப் பெயர் எப்படிப் பிறக்கிறது? ‘ஆனுவல் ரிப்போர்ட்.டிஎக்ஸ்டி’ என்று ஒரு கோப்பு. இடைவெளியை நீக்கி முதல் ஆறு எழுத்தை எடுத்து ~1 சேர்த்தால் ‘ஆனுவல்~1.டிஎக்ஸ்டி’. அடுத்து ‘ஆனுவல் பட்ஜெட்.டிஎக்ஸ்டி’ வந்தால் அது ~2. நான்கு வரை இப்படிப் போகும். ஐந்தாவதாக ஒன்று வந்தால் என்டி வம்சத்து விண்டோஸ் பொறுமை இழந்து, முதல் இரண்டு எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு, முழுப் பெயரிலிருந்து கணக்கிட்ட நான்கு இலக்கச் சரிபார்ப்பு எண்ணை ஒட்டி, பிறகு ~1 போடும். அந்த எண் பதினாறடிமான எண். 0 முதல் 9 வரையும் ஏ முதல் எஃப் வரையும் எது வேண்டுமானாலும் வரலாம். பெயரே ஒன்றிரண்டு எழுத்தாக இருந்தால் நான்கு மோதல் வரை காத்திருப்பதும் இல்லை. எடுத்த எடுப்பிலேயே அந்த எண் சேர்ந்துவிடும். டி.டிஎக்ஸ்டி2 கோப்புக்கு 97பி4 ஒட்டிக்கொண்ட கதை இதுதான். பின்னொட்டு நான்கெழுத்து என்பதால் குட்டைப் பெயர் தேவைப்பட்டது. பெயர் ஓரெழுத்து என்பதால் எண் வந்து சேர்ந்தது. அந்த எண் 97 என்று தொடங்கியது வெறும் தற்செயல்.

டிர் கட்டளைக்குக் கொடுக்கும் அச்சு, அதாவது ‘டி97*’ போன்ற தேடல் வடிவம், இரண்டு பெயரோடும் ஒப்பிடப்படுகிறது. எதில் பொருந்தினாலும் பட்டியலில் காட்டப்படுவது நீளப் பெயர்தான். பொருந்தியது ஒரு பெயர், திரையில் தெரிவது மற்றொரு பெயர். குழப்பம் முழுவதும் இந்த இடைவெளியில்தான் பிறக்கிறது. பொருந்திய பெயரை ஓரமாகக் காட்டித் தொலைத்திருந்தால் பலருடைய மாலைப்பொழுதுகள் தப்பியிருக்கும்.

தற்செயலாக நேரும் 97 போன்றவை அபூர்வம். நாள்தோறும் கடிப்பது வேறு. பெயரில் 1 இருக்கும் கோப்புகளைத் தேடி ‘டிர் *1*’ என்று அடித்தால் நீளப் பெயருள்ள கோப்புகள் ஏறக்குறைய எல்லாமே வந்து நிற்கும். பெரும்பாலானவற்றின் வாலிலும் ~1 தொங்குகிறதே. ‘டிர் *2*’ என்றால் இரண்டு என்ற எண்ணே இல்லாத ‘ஆனுவல் பட்ஜெட்’டும் வரும்.

பின்னொட்டில் நேரும் விபத்து இன்னும் பெரிது. நான்கெழுத்துப் பின்னொட்டு குட்டைப் பெயரில் மூன்றாக நறுக்கப்படுகிறது. அதனால் ‘*.எச்டிஎம்’ என்று கேட்டால் எச்டிஎம்எல் கோப்புகளும் சேர்ந்தே வரும். ‘*.டிஓசி’ என்றால் டிஓசிஎக்ஸ் வரும். ‘*.எக்ஸ்எல்எஸ்’ என்றால் எக்ஸ்எல்எஸ்எக்ஸ் வரும். 2007-இல் ஆஃபீஸ் மென்பொருள் நான்கெழுத்துப் பின்னொட்டுக்கு மாறியபோது, பழைய வடிவக் கோப்புகளை மட்டும் அழித்து இடம் மிச்சம் பிடிக்கலாம் என்று ‘டெல் *.டிஓசி’ அடிப்பவர் புதிய கோப்புகளையும் சேர்த்துத்தான் அழிப்பார். சில எடிட்டர்கள் காப்புப் பிரதியை டிஎக்ஸ்டி~ என்று வாலில் அலைக்குறி வைத்துச் சேமிக்கும், அதுவும் ‘*.டிஎக்ஸ்டி’ வலையில் விழும். வேடிக்கை என்னவென்றால் எல்லாம் இப்படிச் சிக்குவதில்லை. ஜேபிஇஜி என்பது நறுக்கப்பட்டால் ஜேபிஇ, ஜேபிஜி அல்ல. ஆகவே ‘*.ஜேபிஜி’ என்று கேட்பவருக்கு ஜேபிஇஜி படங்கள் கிடைப்பதில்லை. வேண்டாத இடத்தில் தாராளம், வேண்டிய இடத்தில் கஞ்சத்தனம்.

நிரலாளர்களும் தப்பவில்லை. மைக்ரோசாஃப்டின் டாட்நெட் ஃபிரேம்வொர்க்கில் கோப்புகளைத் தேடித் தரும் கட்டளையின் குறிப்பு ஒரு விநோத விதியைச் சொல்கிறது: அச்சில் உள்ள பின்னொட்டு சரியாக மூன்று எழுத்தாக இருந்தால், அந்த மூன்றெழுத்தில் தொடங்கும் நீளமான பின்னொட்டுகளும் பொருந்தும்; வேறு நீளமாக இருந்தால் சரியாக அதுவே பொருந்தும். மூன்றில் மட்டும் என்ன விசேஷம் என்று புதிதாகப் படிப்பவர் வியப்பார். பிடிபி-10-இன் அரைச் சொல்தான் அங்கே பேசிக்கொண்டிருக்கிறது. விண்டோஸ் பவர்ஷெல்லில் இன்னும் ஒரு திருப்பம்: ஃபில்டர் என்ற தெரிவோடு கேட்டால் கோப்பு முறைமையே பதில் சொல்லும், எச்டிஎம்எல் வரும், இன்க்ளூட் என்ற தெரிவோடு கேட்டால் பவர்ஷெல் தானே ஒப்பிடும், வராது. கேள்வி ஒன்று, கோப்புறை ஒன்று, விடை இரண்டு.

இரண்டாம் பெயர் பாதுகாப்புச் சிக்கலாகவும் மாறியது. மைக்ரோசாஃப்டின் ஐஐஎஸ் வலைச் சேவையகத்துக்கு அனுப்பும் முகவரியில் நட்சத்திரமும் ~1-உம் சேர்த்தால், பொருந்தும் கோப்பு இருந்தால் ஒரு வகைப் பிழைச் செய்தியும் இல்லாவிட்டால் வேறு வகைப் பிழைச் செய்தியும் திரும்பி வந்தன. சோரூஷ் தலிலி என்ற ஆராய்ச்சியாளர் 2012-இல் இதை விரிவாக வெளியிட்டார். முதலெழுத்து ஏ-வா, பி-யா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போனால், வெளியாருக்குக் காட்டாமல் வைத்திருக்கும் கோப்பின் முதல் ஆறு எழுத்தும் பின்னொட்டின் மூன்றெழுத்தும் கைக்கு வந்துவிடும். மிச்சத்தை ஊகிப்பது பெரிய வித்தையல்ல.

அப்படியானால் அந்தக் குட்டைப் பெயரை ஒழித்துவிட வேண்டியதுதானே? ஒழிக்கலாம். விண்டோஸ் 7 காலத்திலிருந்து எஃப்எஸ்யூட்டில் என்ற கருவியால் ஒவ்வொரு டிரைவுக்கும் தனித்தனியாகக் குட்டைப் பெயர் உருவாவதை நிறுத்தலாம். ஏற்கெனவே உருவானவற்றை உரித்தும் எடுக்கலாம். ஆனால் பல மென்பொருள்கள் தம் இருப்பிடத்தை விண்டோஸின் அமைப்புப் பதிவேடான ரெஜிஸ்ட்ரியில் குட்டைப் பெயராகவே குறித்து வைத்திருக்கும். உரித்தால் அவை வழி தெரியாமல் நிற்கும். அதனால் அந்தக் கருவி உரிப்பதற்கு முன் ரெஜிஸ்ட்ரியைத் துழாவி, எந்தெந்தக் குறிப்புகள் உடையும் என்று பட்டியலிடும். வற்புறுத்தினால் ஒழிய உரிக்காது. இன்னொரு பக்கவிளைவு இதைவிடச் சுவையானது. ஒரு டிரைவில் குட்டைப் பெயர் உண்டு, பக்கத்து டிரைவில் இல்லை என்றால், ‘டெல் *.எச்டிஎம்’ என்ற கட்டளை எழுதி வைத்த அதே பேட்ச் கோப்பு ஒன்றில் எச்டிஎம்எல் கோப்புகளை அழிக்கும், மற்றொன்றில் தொடாது. சோதித்துப் பார்த்த இடத்தில் ஒழுங்காக ஓடியது என்பதற்கு எந்த மதிப்பும் இல்லை.

கவனமானவர்கள் அதனால் விண்டோஸின் ஒப்பீட்டை நம்பாமல் வடிகட்டுவதைத் தங்கள் கையில் எடுத்துக்கொள்கிறார்கள். ‘டிர் /பி’ கொடுக்கும் வெறும் பெயர்ப் பட்டியலை ஃபைண்ட்ஸ்டர் என்ற கட்டளைக்குக் குழாய் போட்டு அனுப்பி, வரியின் கடைசியில் .எச்டிஎம் இருப்பதை மட்டும் எடுக்கச் சொன்னால், திரையில் தெரியும் பெயர் மட்டுமே ஒப்பிடப்படும். டெல் அடிக்கும் முன் அதே அச்சோடு ஒருமுறை டிர் அடித்துப் பார்ப்பது இன்னும் எளிய பழக்கம்.

யூனிக்ஸ் பக்கம் போனால் இந்தச் சிக்கல்கள் இல்லை. அங்கே வேறு சிக்கல்கள். 1971-இல் வெளியான யூனிக்ஸின் முதல் பதிப்பிலேயே குளோப் என்ற தனி நிரல் இருந்தது. நட்சத்திரம் இருக்கும் கட்டளையை, கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல் அதனிடம் ஒப்படைக்கும். அது கோப்புறையைப் பார்த்துப் பொருந்தும் பெயர்களை நிரப்பிக் கட்டளையை ஓட்டும். பின்னாளில் அந்த வேலை ஷெல்லுக்குள்ளேயே போய்விட்டது. விண்டோஸில் அச்சு கோப்பு முறைமை வரை அப்படியே இறங்கிப் போகிறது. யூனிக்ஸில் பட்டியல் கேட்கும் எல்எஸ் கட்டளை நட்சத்திரத்தைப் பார்ப்பதே இல்லை. அதற்குக் கிடைப்பது வெறும் பெயர் வரிசை.

ஆகவே -ஆர்எஃப் என்ற பெயரில் ஒரு கோப்பு கிடந்தால்? ‘ஆர்எம் *’ என்று அழிப்புக் கட்டளை அடிக்கும்போது நிரப்பப்படும் பெயர்களில் அதுவும் ஒன்று. ஆர்எம் கட்டளையோ அதைக் கோப்பாகப் பார்க்காது. கோப்புறைகளையும் கேள்வி கேட்காமல் அழிக்கச் சொல்லும் தெரிவாக எடுத்துக்கொள்ளும். கோப்புகளை ஒரே கட்டாகக் கட்டும் டார் போன்ற கட்டளைகளில் இந்த ஓட்டை வழியே அந்நிய நிரல்களையே ஓட வைக்கலாம் என்று லியோன் யுரானிச் 2014-இல் ஓர் ஆய்வுக் கட்டுரையில் வரிசையாகக் காட்டினார். நட்சத்திரத்துக்கு முன்னால் ‘./’ சேர்த்து எழுதினால் எந்தப் பெயரும் கோட்டில் தொடங்காது, ஆபத்தும் போய்விடும்.

புள்ளியில் தொடங்கும் பெயர்களை நட்சத்திரம் கண்டுகொள்ளாது என்பதும் திட்டமிட்டு வந்த வசதி அல்ல. ஒவ்வொரு கோப்புறையிலும் தன்னைக் குறிக்கும் ஒற்றைப் புள்ளியும் தாய்க் கோப்புறையைக் குறிக்கும் இரட்டைப் புள்ளியும் இருக்கும். அவற்றைப் பட்டியலில் காட்டாமலிருக்க, முதல் எழுத்து புள்ளியா என்று மட்டும் பார்த்துத் தள்ளிவிடும் சோம்பல் குறுக்குவழிதான் இதன் தொடக்கம் என்று பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ராப் பைக் 2012-இல் எழுதினார். மறைகோப்பு என்ற கருத்தே அந்தச் சோம்பலின் குழந்தை. மறைகோப்புகளையும் சேர்த்து உரிமை மாற்றலாம் என்று நினைத்து ‘.*’ என்ற அச்சோடு சௌன் கட்டளையை உள்ளிறங்கி ஓடச் சொன்ன நிர்வாகிகளுக்கு வேறொரு பாடம் கிடைத்தது. ‘.*’ அந்த இரட்டைப் புள்ளிக்கும் பொருந்தும். கட்டளை உள்ளே இறங்குவதற்குப் பதில் மேலே ஏறித் தாய்க் கோப்புறையில் உள்ள எல்லாருடைய கோப்புகளையும் ஒருவர் பெயருக்கு மாற்றிவிடும். பாஷ் ஷெல்லின் 5.2 பதிப்பு 2022-இல் வந்த பிறகுதான், ‘.*’ இந்த இரண்டுக்கும் பொருந்தாது என்பது இயல்பான நடத்தை ஆனது.

தமிழில் பெயர் வைத்த கோப்புகளுக்கு விண்டோஸ், லினக்ஸ் என்ற வேறுபாடே இல்லை. இரண்டு இடத்திலும் கேள்விக்குறி காலை வாரும். ‘தமிழ்’ என்று எழுதினால் நாம் எண்ணுவது மூன்று எழுத்து. யூனிகோடில் அது த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து. மூன்று கேள்விக்குறி போட்டுத் தேடினால் கிடைக்காது, ஐந்து போட வேண்டும். விண்டோஸில் ஐந்து போட்டாலோ, பழைய டாஸ் விதி தலைகாட்டி, ‘அ’ என்ற ஓரெழுத்துப் பெயருள்ள கோப்பையும் கூட்டிக்கொண்டு வரும்.

நட்சத்திரமும் கைகொடுக்காத இடம் ஒன்று உண்டு. ‘கொ’ என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றைச் சேர்த்து, அல்லது ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்த்து. ஆப்பிள் கணினிகளின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் முறைமை எந்தப் பெயரையும் பிரித்தே எழுதி வைக்கும். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் கொடுத்ததைக் கொடுத்தபடி வைத்துக்கொள்ளும், இரண்டும் ஒன்று என்று அதற்குத் தெரியாது. ஆப்பிள் கணினியில் ஜிப் செய்த கோப்பை விண்டோஸில் விரித்தால், ஒரே கோப்புறையில் ‘கொங்கு’ என்ற பெயரில் இரண்டு கோப்புகள் சண்டையில்லாமல் குடியிருக்க முடியும். கண்ணுக்கு இம்மியும் வேறுபாடு தெரியாது. விண்டோஸ் விசைப்பலகையில் ‘டிர் கொ*’ என்று தட்டினால் ஒன்று வரும், மற்றது வராது. ‘ஸ்ரீ’ இன்னும் மோசம். சகரத்தின் வடமொழி உறவினரான ‘ஶ’ 2005-இல் யூனிகோடில் சேர்ந்த பிறகு, அதைக் கொண்டு எழுதிய ஶ்ரீயும் பழைய ஸகரத்தால் எழுதிய ஸ்ரீயும் பல எழுத்துருக்களில் ஒரே உருவமாகவே தெரிகின்றன. இவை யூனிகோடின் பார்வையிலும் வேறு வேறு எழுத்துகள் என்பதால், ‘கொ’வைப் போல இயல்பாக்கம் செய்து, அதாவது இரண்டு வடிவத்தையும் ஒரே வடிவமாக மாற்றி, ஒன்றாக்கவும் வழியில்லை. பெயரை எழுதியவர் எந்த விசைப்பலகையில் எழுதினார் என்பது தெரியாதவரை, இரண்டு அச்சுகளையும் தனித்தனியாக அடித்துத்தான் தேட வேண்டியிருக்கிறது.